சிவகங்கை ஜமீன்: லண்டன் வரை வழக்கு நடத்திய காத்தம நாச்சியார் யார்?

சிவகங்கைன்னு சொன்னதும் வேலு நாச்சியார்தான் ஞாபகத்துக்கு வருவார். அதே சீமையின் இன்னொரு நாச்சியார், லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கை நடத்தி ஜமீனை மீட்டார். அவர்தான் காத்தம நாச்சியார்.

சொத்து யாருக்கு?

1801-ல் மருது சகோதரர்களோடு போரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, சிவகங்கையின் நேரடி வாரிசு அற்றுப்போனதாகச் சொல்லி, ஜமீனைப் படமாத்தூர் கௌரி வல்லப தேவருக்குக் கொடுத்தது. 1829-ல் அவர் இறந்தபோது மூன்று மனைவிகள் உயிரோடு இருந்தார்கள். மகள்கள் உண்டு, மகன் இல்லை. அவருடைய அண்ணன் மகன் முத்து வடுகநாதர் ஜமீனைக் கைப்பற்றிக்கொண்டார்.

ஏன் 30 ஆண்டுகள்?

1832-ல் வழக்குகள் தொடங்கின. மனைவியரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் முன்னால் நின்றார். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்களா, இல்லை கூட்டுக் குடும்பமா என்பதே கோர்ட்டில் பெரிய கேள்வியானது. பிரியலைன்னா சொத்து அண்ணன் மகனுக்கே என்றது எதிர்த்தரப்பு. 1847-ல் அங்கமுத்துவின் வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1850-ல் அவர் இறந்துபோனார்.

கௌரி வல்லபருக்கு வேறொரு மனைவி மூலம் பிறந்தவர் காத்தம நாச்சியார். 1856-ல் அவர் புதிதாக வழக்குப் போட்டார். சித்தி தோற்ற வழக்கு மகளையும் கட்டும் என்று சொல்லி அதையும் இங்கே நிராகரித்தார்கள்.

என்ன தீர்ப்பு?

1863-ல் பிரிவி கவுன்சில் கேள்வியையே மாற்றியது. கூட்டுக் குடும்பமாகவே இருக்கட்டும். இந்த ஜமீன் கௌரி வல்லபருக்குத் தனியாகக் கிடைத்த சொத்து. அது மனைவிக்கும், அவர் காலத்துக்குப் பின் மகளுக்கும்தான் போகும். கணவனை இழந்த பெண் நடத்தித் தோற்ற வழக்கு அடுத்த வாரிசையும் கட்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால், அந்த உரிமை நியாயமாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. பழைய தள்ளுபடி காத்தம நாச்சியாருக்குத் தடையாகவில்லை. ஜமீன் அவர் கைக்கு வந்தது. இந்து வாரிசுரிமை பற்றிய பாடங்களில் இந்த வழக்கு இன்றும் இடம்பெறுகிறது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி நில உரிமைக்காக எடி மேபோ 1982-ல் வழக்குப் போட்டார். 1992 ஜனவரியில் அவர் இறந்தார். ஜெயித்த தீர்ப்பு ஜூனில் வந்தது. அங்கமுத்து போலவே அவரும் தீர்ப்பைப் பார்க்கவில்லை.

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே வந்த உரிமையை மேபோ தீர்ப்பு ஏற்றது. காத்தம நாச்சியாருக்கோ, கம்பெனி தன் தந்தைக்குக் கொடுத்த சொத்து என்பதே பலம். அந்த மண்ணை உழுதவர்களின் உரிமை இந்த வழக்கில் கேள்வியாகவே இல்லை.

1877-ல் அவர் காலமான பிறகும் ஜமீன் வாரிசு வழக்குகள் ஓயவில்லை. ஆனாலும் தள்ளுபடின்னு கேட்டதும் உரிமையே இல்லைன்னு முடிவு கட்ட வேண்டாம். விசாரித்த கேள்வி சரியானதா என்று பார்க்கணும். சிவகங்கையில் அதைக் கண்டுபிடிக்கவே 30 ஆண்டுகள் ஆனது.