தெரிந்ததை இட்டுத் தெரியாததைக் கண்டவர்

தெரியாத எண்கள் இரண்டு; அவற்றைப் பிணைக்கும் நேரியல் சமன்பாடுகளும் இரண்டு. ஒன்றிலிருந்து ஓர் எண்ணின் மதிப்பைப் பெற்று மற்றதில் இட, மறைந்திருந்த எண் வெளிப்படும். பிரதியிடல் முறை என்று இதனைப் பள்ளியிலேயே பயின்றோம். இம்முறை விண்மீன்களின் தொலைவையும் அளந்து காட்டும். அதற்கு வழிகண்டவருள் ஒருவரே, ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் நிறுவிய வைணு பாப்பு ஆவார்.

1927இல் பிறந்த அவருடைய தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். நிஜாம் கல்லூரியில் பயின்ற பாப்பு, உயர்கல்விக்காக ஹார்வர்டு சென்றார். 1949இல், மாணவராயிருக்கும்போதே, புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

வானை நோக்கும் நமக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. மங்கலான மீன் அருகிலிருப்பினும், பேரொளி மீன் தொலைவிலிருப்பினும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தோற்றப் பொலிவெண்ணை அளந்துவிடலாம். உண்மைப் பொலிவெண்ணும் தொலைவின் மடக்கையும் தெரியாதவை. இம்மூன்றையும் இணைக்கும் சமன்பாடு ஒன்றே இருந்தால் விடை கிட்டாது. இரண்டாவது சமன்பாட்டை ஓலின் வில்சனும் பாப்புவும் 1957இல் வழங்கினர். வெப்பம் குறைந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் தோற்றுவிக்கும் ஒளிக்கோட்டின் அகலத்தை அவர்கள் அளந்தனர். அவ்வகலத்தின் மடக்கை, உண்மைப் பொலிவெண்ணோடு நேர்கோட்டுத் தொடர்புடையது எனக் கண்டனர். அகலத்தை அளந்து உண்மைப் பொலிவெண்ணைப் பெறலாம். அதனை முந்தைய சமன்பாட்டில் பிரதியிட, தொலைவு புலப்படும். வில்சன்–பாப்பு விளைவு என இது வழங்கப்பெறுகிறது.

தாயகம் திரும்பிய பாப்பு, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். நகர வெளிச்சம் தீண்டாத தெளிந்த வானத்தைத் தேடிக் காவலூரைத் தெரிந்தெடுத்தார். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளமையால், வடவானொடு தென்வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கு அமைந்தன. 1977இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட நோக்கலில் காவலூரும் பங்குபெற்றது.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்கும் பணியைத் தொடங்கி நடத்திய அவர், அது நிறைவுறும் முன்னரே, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் மறைந்தார். 1986இல் தொலைநோக்கியும் ஆய்வகமும் அவர் பெயரைச் சூடின.

எளியதெனத் தேர்வோடு நாம் மறந்துவிடும் கணக்குமுறைகளே பேராய்வுகளுக்கும் அடித்தளமாகின்றன. அளக்கக்கூடியதைச் செம்மையாக அளந்தால் அளக்கவியலாததையும் அடையலாம் என்பதே பாப்புவின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.