எல்லிஸ் துரையும் புதுவைக் கையெழுத்துப் பிரதிகளும்

தமிழ் கற்ற ஐரோப்பியரைப் பற்றிப் பேசுமிடத்து நம் மாணவர் வீரமாமுனிவர், கால்டுவெல் ஐயர், போப்பையர் என்னும் மூவரையும் உடனே கூறுவர். நான்காமவராக எல்லிஸ் துரையை நினைப்பார் சிலரே. நினைப்பாரும் அவர் திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலப்படுத்தி உரை கண்டவர் என்னும் அளவில் நின்றுவிடுவர். ஒரு நூலை இயற்றியவர் யாவர் என்பதை நூலின் உள்ளிருந்தே கண்டறியும் ஆராய்ச்சியில் நம் நாட்டில் முற்பட உழைத்தவருள் அவரும் ஒருவர் என்பதும், அவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாயிருந்தவை நம் புதுவை நகரில் உறங்கிக் கிடந்த சில கையெழுத்துப் பிரதிகளே என்பதும் பலர் அறியாதன. ஆதலின் அப்பகுதி சற்று விரியவும் ஏனைய சுருங்கவும் அவர்தம் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பிரான்சிஸ் ஒய்ட் எல்லிஸ் என்பார் கிழக்கிந்தியக் கும்பினியாரின் எழுத்தராக 1796-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தனர். அப்பொழுது அவர் இருபது வயதும் நிரம்பாத இளைஞர். 1802-ல் வருவாய் வாரியத்தின் காரியதரிசியாயினர். 1806-ல் மசூலிப்பட்டணத்தில் நீதிபதியாக அமர்ந்தனர். 1810-ல் சென்னைக் கலெக்டராயினர். உத்தியோகம் உயர உயரக் கல்வியைக் கைவிடுவாரே உலகில் மிகுதி. இவரோ தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் பண்டிதரிடம் முறையாகப் பயின்றனர். கும்பினியின் இளம் உத்தியோகஸ்தர் தென்மொழிகளைக் கற்றற்பொருட்டு 1812-ல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றியது இவர் முயற்சியாலேயே. அக்கல்லூரியின் மானேஜராயிருந்த புதுவை முத்துசாமிப் பிள்ளையை வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிக் கொணருமாறு தென்னாட்டிற்கு அனுப்பியவரும் இவரே. பிள்ளையவர்கள் பின்னர் முனிவரின் வரலாற்றை எழுதி வெளியிட்டதற்கு அப்பயணமே வித்து. 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது எல்லிஸ் கிணறுகள் பல தோண்டுவித்தனர். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றருகே அவர் நாட்டிய கல்வெட்டு தமிழ்ச் செய்யுளால் ஆகியது. திருக்குறள் ஒன்றும் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளது.

1816-ல் காம்பெல் துரை தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டபோது எல்லிஸ் அதன் முன்னுரைக்கு ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தனர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வினையடிகளை வரிசை வரிசையாக அடுத்தடுத்து நிறுத்தி, இவை தம்முள் ஓரினத்தன, வடமொழியினின்று பிறந்தன அல்ல என்று அவர் காட்டினர். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-ல். அதற்கு நாற்பது ஆண்டு முன்னரே இம்முடிவு அச்சேறிவிட்டது. இவரது முறையை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஒரு மொழி இனிது, பழையது, தெய்வத்தன்மையது என்னும் புகழுரைகளை ஒதுக்கி, சொற்களைப் பட்டியலாக்கி எண்ணி ஒப்பிடுவதே அம்முறை. புதுவைப் பிரதிகளிடத்தும் அவர் இதனையே கையாண்டனர்.

அப்பிரதிகளின் கதை ஐரோப்பாவிற் சென்று தொடங்குகின்றது. 1760-ல் இந்தியாவினின்று மீண்ட மோதாவ் என்னும் பிரெஞ்சுப் பிரபு, வேதமொன்றின் மொழிபெயர்ப்பு எனக் கூறி ஒரு கையெழுத்து நூலை வால்டேருக்கு அளித்தனர். எசூர் வேதம் என்பது அதன் பெயர். சுமந்து என்பாரும் வியாசரும் உரையாடுவதாக அமைந்து, விக்கிரக வழிபாட்டை மறுத்து, கடவுள் ஒருவரே என நாட்டுவது அந்நூல். வால்டேர் அளவிலா உவகை கொண்டு, அது அலெக்சாந்தரின் படையெடுப்புக்கும் முற்பட்டதென மதித்து, அரசர் நூலகத்திற் சேர்ப்பித்து, தம் நூல்களிற் பலகாலும் எடுத்தாண்டனர். 1778-ல் அது அச்சிலும் வந்தது. ஐயுற்றவரும் உளர். 1782-ல் சொன்னரா என்னும் பிரெஞ்சு யாத்திரிகர், இது வேதமன்று, குருமார் ஒருவர் வாதத்திற்கென எழுதியது என்றனர். ஆயினும் அதற்குரிய சான்று எவர் கையிலும் இல்லை.

அச்சான்றே எல்லிஸுக்குப் புதுவையிற் கிடைத்தது. ஏசு சபையாரின் பழைய நூற்றொகுதியில் எசூர் வேதத்தோடு, ஏனைய வேதங்களின் பெயர் பூண்ட வேறு பல பிரதிகளும் இருந்தன. அவற்றுட் சிலவற்றில் ஒரு பக்கம் ரோமன் எழுத்தால் எழுதிய வடமொழி, எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. வேதத்தை உள்ளபடி அறிந்த அவர், இவை அவ்வேதங்கள் அல்லவென ஒப்பிட்டுத் தெளிந்தனர். அடுத்து எழுந்த வினாவே அரியது: எழுதியவர் யாவர்?

புதுவைக் கிறிஸ்தவருட் கற்றோர், இவற்றை இயற்றியவர் மதுரையில் வாழ்ந்த தத்துவபோதக சுவாமியாகிய ராபர்ட் தெ நோபிலி என நம்பியிருந்தனர். எல்லிஸ் இச்செய்தியைக் குறித்துக்கொண்டு, பிரதிகளின் எழுத்தை நோக்கினர். வகரம் வரவேண்டுமிடத்துப் பகரத்தின் மெல்லொலி நின்றது. வேதம் என்பது பேத் என்றும், வியாசர் பியாச் என்றும் எழுதப்பட்டிருந்தன. அகரம் நிற்குமிடத்தில் ஒகரம் நின்றது. சுமந்துவின் முதலெழுத்து ஷகரம்போல் ஒலித்தது. இவை தென்னாட்டார் வாயில் வாரா. வங்காளத்தாரின் உச்சரிப்பு இவை. தெலுங்கு அந்தணரிடம் வடமொழி பயின்று மதுரையில் உழைத்தவர் இங்ஙனம் எழுதுதற்கு யாது காரணம்? எழுதினவரோ படியெடுத்தவரோ வங்கத்து வடமொழியைச் செவிமடுத்தவராதல் வேண்டும். கருத்தை மறைத்து எழுதலாம், பெயரை மாற்றிப் புனையலாம்; செவியிற் பழகிய ஒலியை மறைப்பது மிக அரிது. இந்நுட்பத்தை அவர் பற்றிக்கொண்டமையே எம்மை வியப்பிக்கின்றது.

இதனை விளக்கி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1822-ல் கல்கத்தாவின் ஆசிய ஆராய்ச்சிகள் என்னும் தொகுதியின் பதினான்காம் பாகத்தில் வெளிவந்தது. ஆயினும் பிற்காலத்தார் பலர் அதனை அரைகுறையாகப் படித்து, நோபிலியே போலிவேதம் சமைத்தவர் என அவர்மேற் பழியை ஏற்றினர். நோபிலி உரோமாபுரியிற் பிறந்த இத்தாலியர், 1656-ல் இறந்தவர். பிரெஞ்சு ஏசு சபையார் புதுவையிற் காலூன்றியதோ அந்நூற்றாண்டின் இறுதியில். இறந்து போனவர் எழுந்து வந்து வழக்காடுதல் இயலாதன்றோ? 1984-ல் லுடோ ரோஷே என்னும் பேராசிரியர் அனைத்தையும் மீள ஆராய்ந்து, எசூர் வேதம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலேயே தோன்றியதெனக் கண்டனர். ஆசிரியர் பெயரை அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. சான்று போதாதவிடத்து நின்றுவிடுதலும் ஆராய்ச்சியே என்பது எம் கருத்து.

எல்லிஸ் கண்ணாலும் செவியாலும் அளந்ததைப் பின்னையோர் எண்ணால் அளக்கலாயினர். 1887-ல் மெண்டன்ஹால் என்னும் அமெரிக்கர் சொற்களின் நீளத்தை எண்ணி ஆசிரியர்களைப் பிரித்தறிய முயன்றனர். உட்னி யூல் என்னும் ஸ்காட்லாந்துப் புள்ளியியலார் 1944-ல் கிறிஸ்துநாதர் அநுசாரத்தின் ஆசிரியரைப் பற்றிய பழைய வழக்கை, பெயர்ச்சொற்களை எண்ணி ஆராய்ந்தனர். 1964-ல் மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இருவர், அமெரிக்க அரசியற் கட்டுரைகளுள் வழக்கிலிருந்த பன்னிரண்டை, யாரும் கருதாத சிறு இடைச்சொற்களின் தொகையைக் கொண்டு மாடிசனுக்கு உரியன என்றனர். இவருள் யூல் வேறொரு வகையிலும் நினைக்கத்தக்கவர். வாந்திபேதிக்கும் குடற்காய்ச்சலுக்கும் இடும் தடுப்பூசி உண்மையிற் பயன் தருகின்றதா என்பதை 1915-ல் கிரீன்வுட் என்பாரோடு சேர்ந்து கணக்கிட்டவர் அவர். ஊசி இட்டவரும் இடாதவரும் ஒரே நிலையினராய் ஒரே அபாயத்திற்கு உட்பட்டிருந்தாலன்றி அவ்விரு தொகையை ஒப்பிடுதல் பிழை என அவர்கள் வற்புறுத்தினர். நோயாளர் பட்டியலுக்கும் நூலின் சொற்பட்டியலுக்கும் கணித வழி ஒன்றே போலும்.

தடுப்பூசி என்றவுடன் எல்லிஸின் வாழ்வில் வேறொரு செய்தி நினைவிற்கு வருகின்றது. அதனை மறைத்தல் வரலாறாகாது. ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802-ல் இந்தியா வந்தது. மக்கள் அஞ்சி ஒதுங்கினர். வைசூரித் தடுப்பால் மனித ஆயுள் சராசரி மூன்றாண்டு கூடுமென 1760-லேயே பெர்னூலி என்பவர் கணக்கிட்டிருந்தனர். ஆயின் எண்களைக் காட்டிக் குழந்தையின் கையை நீட்டச் செய்தல் எளிதோ? எல்லிஸ் வேறு வழி தேடினர். தேவியும் தன்வந்திரியும் பேசுவதாக, பசுவின் அம்மைப்பாலின் பெருமையைக் கூறும் கதையொன்றை அவர் புனைந்தனர். அவர் வடமொழிச் செய்யுள் இயற்றிப் பழைய தாளில் எழுதுவித்துப் பழநூல்போல் உலவவிட்டதாகவும் மருத்துவ நூல்கள் சில கூறும். போலி வேதத்தை வெளிப்படுத்திய கையே போலிப் பழநூலையும் எழுதிற்று! குழந்தைகளைக் காக்கும் அவர் நோக்கத்தை யாம் குறைகூறோம். ஆயினும் அதன் பயன் யாது? அவர் இறந்த 1819-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பத்திரிகையொன்றில், ஜென்னருக்கு முன்னரே அம்மைப்பால் குத்துதல் நம் பழநூலில் உண்டென ஒரு கடிதம் வெளிவந்தது. அவ்வுரையை மெய்யென நம்பி நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் எழுதி வந்தனர். 1987-ல் டொமினிக் வுஜாஸ்டிக் என்னும் அறிஞர் அவ்வுரைகளின் மூலத்தைத் தேடி, அங்ஙனம் ஒரு பழநூல் இல்லையெனக் காட்டவேண்டியதாயிற்று.

நாற்பது வயது நிரம்புமுன் பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லை என எல்லிஸ் உறுதி பூண்டிருந்தனர் என்பர். அவ்வயது நிரம்பிச் சிறிது காலமே வாழ்ந்தனர். 1819 மார்ச்சு மாதம் இராமநாதபுரத்தில், மருந்தென எண்ணி நஞ்சை உட்கொண்டு இறந்தனர் என்று சிலரும், வாந்திபேதியால் என்று சிலரும் எழுதுவர். திருக்குறள் மொழிபெயர்ப்பு அறத்துப்பாலின் தொடக்க அதிகாரங்களோடு நின்றுவிட்டது. அவர் கைப்பட எழுதிய தாள்களுட் பெரும்பகுதி மதுரைக் கலெக்டர் மாளிகையிற் கிடந்து, சமையற்காரனின் அடுப்பு மூட்டப் பயன்பட்டது என்று சொல்லப்படுகின்றது. எஞ்சியவற்றுட் சில சர் வால்டர் எலியட்டின் கைக்கு எட்டி, போப்பையர் வாயிலாக ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தை அடைந்தன.