கோரின் செய்த அரக்குப் பெட்டி

ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1658ஆம் ஆண்டு பிறந்தவர் ஓகாட்டா கோரின். அவருடைய குடும்பத்தார் அரண்மனை மகளிர்க்கு உயர்ந்த ஆடைகளை விற்ற செல்வ வணிகர். அவ்வாடைகளில் தீட்டப்பெற்ற மலர்களையும் அலைகளையும் கண்டு கோரின் வளர்ந்தார்.

1687இல் தந்தையார் மறைந்தார். கைக்கு வந்த பெருஞ்செல்வத்தைக் கோரின் ஆடம்பர வாழ்வில் அழித்தார், கடன் பெருகியது. தம் குடும்பத்தின் உறவினரும் முற்காலப் பெருங்கலைஞருமான கோயெட்சு செய்த அரக்குப் பெட்டியையும் அடகு வைத்தார். பின்னர், இளமையில் விருப்பத்திற்காகக் கற்ற ஓவியத்தையே பிழைப்புக்குரிய தொழிலாகக் கொண்டார். தம்பி கென்சான் வனைந்த மட்கலங்களில் ஓவியம் தீட்டினார். 1701இல் ‘ஹொக்கியோ’ என்னும் சிறப்புப் பட்டம் பெற்றார்.

அரக்குப் பெட்டி செய்வதிலும் அவர் வல்லவர். நம் நாட்டின் சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் பூசப்படும் அரக்கு, பூச்சிகளிடமிருந்து கிடைப்பது. ஜப்பானிய அரக்கோ ஒருவகை மரத்தின் பால். அதனை மெல்லியதாகப் பூசி, ஈரக்காற்றில் இறுகவிட்டுத் தேய்ப்பர். பின் மீண்டும் பூசுவர். ஈர அரக்கின்மேல் பொன்தூளைத் தூவி ஓவியம் அமைப்பர்.

கோரின் செய்தவற்றுள் புகழ்மிக்கது ‘எட்டுப் பாலங்கள்’ என்னும் எழுதுபொருள் பெட்டி. அதன் நீளம் ஏறத்தாழ 27 செ.மீ. மேலடுக்கில் மைக்கல்லும் கீழடுக்கில் தாளும் வைக்கலாம். பழைய ‘இசே கதைகளில்’, பயணி ஒருவன் எட்டுப் பாலங்களருகே ஐரிஸ் மலர்களைக் கண்டு, பிரிந்த மனைவியை நினைந்து வருந்துகிறான். கோரின் பயணியைக் காட்டவில்லை. மலர்களையும் பாலத்தையும் மட்டுமே காட்டினார். இதழ்களுக்கு ஒளிரும் சிப்பியையும் இலைகளுக்குப் பொன்னையும் பதித்தார். பாலத்திற்கு மங்கிய ஈயத்தகட்டைப் பொருத்தினார். ஒருகாலத்தில் பொன்னை வீணாக்கியவர், விலை குறைந்த ஈயமும் தனக்குரிய இடத்தில் அழகு தரும் என்பதை இப்பெட்டியில் காட்டினார்.

கோரின் 1716இல் மறைந்தார். அவர் பெயரின் ஈற்றசையைக் கொண்டே அவர் வழிவந்த கலைமரபு ‘ரின்பா’ எனப்படுகிறது. அப்பெட்டி இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் நாட்டின் கருவூலமாகப் போற்றப்படுகிறது. தந்தை தேடிய செல்வம் அழிந்தது. தாம் உழைத்துப் பெற்ற கலை நிலைத்தது.

அருஞ்சொற்பொருள்
வனைந்த – மண்ணால் செய்த
மட்கலம் – மண்பாண்டம்
ஈற்றசை – இறுதி அசை
கருவூலம் – அரும்பொருள் வைப்பு

வினாக்கள்
1. கோரின் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டது ஏன்?
2. ஜப்பானிய அரக்கும் நம் நாட்டு அரக்கும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. பெட்டியில் பயணியின் உருவம் இல்லாதது குறித்து உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.