பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்த ஆங்கிலேய எலும்பியல் அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மூலம் இயங்கச் செய்யும் முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர். அவ்வாறு சீரான கைகளுக்குத் தொழில் கற்பிப்பதற்காக அக்கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவினார்.

இளமையும் கல்வியும்

இவர் இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோரான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் கிறித்தவ சமயப் பணியாளர்கள். ஜெஸ்ஸி மலைவாழ் மக்களுக்குத் தச்சு வேலையும் கற்பித்தார். பால் ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929 இல் தந்தை மலைப்பகுதியில் காய்ச்சலால் இறந்தார். தாயார் முதுமை வரை மலைகளிலேயே பணியாற்றினார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் பால் மருத்துவத்தை நாடவில்லை. தந்தையைப் போலவே கட்டடத் தொழிலில் சேர்ந்து தச்சு வேலையும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் பயின்றார். பின்னரே இலண்டனில் மருத்துவம் படித்து 1943 இல் தேர்ச்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை மணந்தார். மார்கரெட் பிற்காலத்தில் தொழுநோயாளரின் கண் மருத்துவத்தில் சிறந்து விளங்கினார்.

வேலூர்ப் பணி

1946 இல் பிராண்ட் வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனைச் சந்தித்தார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் பிடி எதிர்பாராத அளவு வலுவாக இருந்ததை அங்கே கண்டார். நரம்பு சில இடங்களில் பழுதடைந்தாலும் முன்கைத் தசைகளுள் பல நலமாகவே உள்ளன என்பதை அது காட்டியது. நலமான தசையின் தசைநாணை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவையை அவரும் அவருடைய குழுவினரும் மேற்கொண்டனர்.

விரல் இழப்புக்கான காரணத்தையும் இவர் ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். வலி உணர்வு இல்லாமையால் கவனிக்கப்படாத காயங்களே பெரும்பாலான இழப்புக்குக் காரணம் என்று பிராண்ட் விளக்கினார்.

நவஜீவ நிலையம்

அறுவைக்குப் பின் புதிய சிக்கல் எழுந்தது. நோய் குணமானவரை எவரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. கை முடங்கியிருந்தபோது பிச்சையாவது கிடைத்தது. கை சீரானதும் அதுவும் குறைந்தது. இந்நிலையை மாற்றவே நவஜீவ நிலையம் தோன்றியது. இளைஞர்கள் அங்கே தங்கி மரப் பொம்மைகள் செய்யவும் தச்சு வேலை செய்யவும் கற்றனர். தாம் இளமையில் கற்ற தச்சுத் தொழிலைப் பிராண்ட் தாமே அவர்களுக்குக் கற்பித்தார்.

பிறருக்கான பயிற்சி முறை இவர்களுக்குப் பொருந்தவில்லை. சாதாரண மாணவர் சுத்தியலை இறுகப் பிடித்தால் கை வலித்துத் தளர்த்துவார். இவர்களுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் எளிதில் திறந்தபோது, சாவி அவன் விரலை எலும்பு வரை கிழித்திருந்ததைப் பிராண்ட் கண்டார். எனவே காயங்களின் காரணம் ஒவ்வொன்றாகத் தேடப்பட்டது. கருவிகளின் கைப்பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. நாள்தோறும் கைகளைக் கண்ணால் சோதிப்பது பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. உறக்கத்தில் எலிகள் விரலைக் கடிப்பது தெரியவந்தபின் பூனைகளும் வளர்க்கப்பட்டன.

1954 இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசை, அமர்ந்தபடியே கை அறுவை செய்யலாம் என்று ஊக்குவித்தவரும் பிராண்டே. மேரி வர்கீஸ் பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துறையை வழிநடத்தினார்.

பிற்காலம்

1966 இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த பாதத்தைக் காக்கும் முறைகளை அங்கே நீரிழிவு நோயாளருக்கும் விரிவுபடுத்தினார். 1986 இல் ஓய்வு பெற்றுச் சியாட்டிலில் வாழ்ந்து, அங்கேயே காலமானார். 1960 இல் லாஸ்கர் விருதும் 1961 இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதும் பெற்றார்.

தாக்கம்

தொழுநோய்ப் பணி அமைப்பு இந்தியாவில் பல தொழிற்பயிற்சி மையங்களை நிறுவியுள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடதொரசலூர் மையம் அவற்றுள் ஒன்று. 1990களில் பிராண்ட் இவ்வமைப்பின் உலகத் தலைவராக இருந்தார். இந்தியாவின் 1995, 2016 ஆம் ஆண்டுகளின் மாற்றுத்திறனாளிகள் சட்டங்கள் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் உள்ளடக்கின. மாற்றுத்திறனாளிகளைப் பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்களிலேயே, தேவையான உதவி வசதிகளுடன் சேர்க்க வேண்டும் என 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு கூறுகிறது. மாணவரின் குறைக்கேற்பக் கருவியையும் கற்பிக்கும் முறையையும் மாற்றுவது என்னும் இக்கோட்பாட்டை வேலூர்ப் பட்டறை முன்னரே நடைமுறைப்படுத்தியது.