குன்பெய் யோகோய்

குன்பெய் யோகோய் (செப்டம்பர் 10, 1941 – அக்டோபர் 4, 1997) ஜப்பானியப் பொறியாளரும் விளையாட்டுக் கருவி வடிவமைப்பாளரும் ஆவார். நிண்டெண்டோ நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இவர், கேம் அண்ட் வாட்ச், கேம் பாய் ஆகிய கையடக்க ஆட்டக் கருவிகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். இவர் அறிமுகப்படுத்திய சிலுவை வடிவத் திசைப்பொத்தான் நிகழ்பட ஆட்டக் கட்டுப்படுத்திகளின் பொது உறுப்பாயிற்று. பழைய கட்டுப்படுத்திகள் தகவிகளின் துணையுடன் இன்றைய கணினிகளிலும் பயன்படுவதற்கு அவற்றின் எளிய அமைப்பே முதன்மைக் காரணமாகும்.

இளமையும் பணியும்

யோகோய் கியோட்டோ நகரில் பிறந்தார். அந்நகரின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்றபின் 1965 ஆம் ஆண்டு நிண்டெண்டோவில் சேர்ந்தார். 1889 இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அப்போது சீட்டுக்கட்டுகளையே முதன்மையாகத் தயாரித்து வந்தது. சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிப்பது இவரது வேலை.

ஓய்வு நேரத்தில் இவர் தமக்காகச் செய்துகொண்ட நீளும் கைப்பிடி ஒன்று தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் பட்டது. அது 1966 இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. இதன்பின் யோகோய் விளையாட்டுப் பொருள் வடிவமைப்புக்கு மாற்றப்பட்டார். 1970 இல் வெளிவந்த ஒளித் துப்பாக்கியில் சூரிய ஒளிக்கலத்தை ஒளியுணரியாகப் பயன்படுத்தினார்.

வடிவமைப்புக் கொள்கை

புத்தம்புதிய தொழில்நுட்பத்தைத் தேடிச் செல்லாமல், நன்கு பழகி விலை குறைந்த தொழில்நுட்பத்துக்குப் புதிய பயன் காண்பதே யோகோயின் கொள்கை. கணிப்பான்களில் பெருமளவில் பயன்பட்டதால் விலை குறைந்திருந்த திரவப் படிகத் திரையைக் கொண்டு 1980 இல் கேம் அண்ட் வாட்ச் வரிசை உருவானது. தொடர்வண்டியில் பயணி ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கியதைக் கண்டபோது இவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. இவ்வரிசையில் 4 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன.

திசைப்பொத்தான்

1982 இல் வெளிவந்த கேம் அண்ட் வாட்ச் டாங்கி காங், மடித்துச் சட்டைப்பையில் வைக்கத்தக்கது. நீட்டிக்கொண்டிருக்கும் இயக்குகோலை அதில் பொருத்த இயலாது. எனவே நான்கு திசைகளையும் ஒரே தட்டையான சிலுவைப் பொத்தானில் யோகோய் அடக்கினார். ஒரு பக்கத்தை அழுத்தும்போது எதிர்ப்பக்கம் மேலெழுவதால், இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்துவதில்லை. கண்ணால் பாராமலே விரல் திசையை அறிந்துகொள்ளும்.

1983 இல் வெளிவந்த ஃபேமிகாம் ஆட்டக் கருவியை மசயுகி உவெமுராவின் குழு வடிவமைத்தது. அக்குழுவும் இத்திசைப்பொத்தானையே ஏற்றுக்கொண்டது. வெளிநாடுகளில் என்.இ.எஸ். என்ற பெயரில் வந்த அக்கருவியின் கட்டுப்படுத்தியில் எட்டுப் பொத்தான் நிலைகள் உள்ளன. அவற்றை 4021 என்னும் மலிவான பெயர்ச்சிப் பதிவுச் சில்லு ஒன்று படிக்கிறது. கருவி ஒரு துடிப்பை அனுப்பியதும் அக்கணத்து நிலைகள் சில்லில் பதிவாகி, ஒரே கம்பி வழியே ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன.

தகவிகளும் இன்றைய பயன்பாடும்

மேற்கூறிய முறை எளிதானதால், சிறிய நுண்கட்டுப்படுத்திச் சில்லு ஒன்றே பழைய ஆட்டக் கருவியின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியும். அது துடிப்புகளை அனுப்பி எட்டு நிலைகளையும் படித்து, யூ.எஸ்.பி. உள்ளீட்டுச் சாதனங்களுக்கான பொது வரையறையின்படி கணினிக்குத் தெரிவிக்கிறது. பலவகைக் கட்டுப்படுத்திகளை ஏற்கும் பொதுத் தகவிகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

எனினும் திசைகளைத் தெரிவிக்கும் முறை தகவிக்குத் தகவி வேறுபடும். சில தகவிகள் நான்கு தனிப் பொத்தான்களாகவும், சில இயக்குகோலின் இரு அச்சுகளாகவும், சில எட்டுத் திசை காட்டும் ஒரே உள்ளீடாகவும் தெரிவிக்கின்றன. மென்பொருள் எதிர்பார்ப்பது வேறாக இருப்பின், தகவி பழுதின்றி இருந்தும் திசைகள் இயங்கா. எஸ்.டி.எல். போன்ற நிரல் நூலகங்கள் சாதனவாரியான பொருத்தப் பட்டியல்களைக் கொண்டு இக்குறையைத் தீர்க்கின்றன.

பழைய ஆட்டங்கள் பலவும் எதிரெதிர்த் திசைகள் ஒருசேர வாரா என்று கருதி எழுதப்பட்டவை. விசைப்பலகையில் அவ்வாறு அழுத்தினால் சில ஆட்டங்கள் தாறுமாறாக இயங்கும். ஆகையால் பழைய கருவிகளைப் போன்றே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் பலவற்றில் இதைத் தடுக்கும் அமைவு உண்டு. யோகோயின் பொத்தான் தன் வடிவத்தாலேயே தடுத்ததை இங்கு நிரல் தடுக்கிறது.

எல்லாப் பழைய உள்ளீட்டுக் கருவிகளையும் தகவிகளால் மீட்க இயலாது. என்.இ.எஸ். ஒளித் துப்பாக்கி, படக்குழாய்த் திரையின் ஒளி மாறும் நேரத்தைச் சார்ந்தது. தட்டைத் திரைகளில் அந்நேர ஒழுங்கு இல்லாமையால், கம்பியிணைப்பு சரியாக இருந்தும் அது குறியை உணர்வதில்லை.

கேம் பாயும் வெர்ச்சுவல் பாயும்

யோகோயின் பிரிவில் சதோரு ஒகாடா உள்ளிட்டோர் உருவாக்கிய கேம் பாய் 1989 ஏப்ரல் 21 அன்று வெளிவந்தது. போட்டிக் கருவிகளில் வண்ணத்திரை இருந்தபோதும், நீண்ட நேரம் மின்கலம் நீடிக்கும் ஒருவண்ணத் திரையே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன.

முப்பரிமாணத் தோற்றம் தரும் வெர்ச்சுவல் பாய் 1995 இல் வந்தது. அதன் கட்டுப்படுத்தியில் இரு திசைப்பொத்தான்கள் இருந்தன. செந்நிறத்தில் மட்டுமே காட்சி தந்த அக்கருவி வரவேற்புப் பெறவில்லை. ஓராண்டுக்குள் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

இறுதிக்காலம்

1996 ஆகத்தில் நிண்டெண்டோவிலிருந்து விலகிய யோகோய், கோட்டோ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் என்னும் கையடக்கக் கருவியின் உருவாக்கத்தில் ஈடுபட்டார். அது 1999 இல் வெளிவருவதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1997 அக்டோபர் 4 அன்று இஷிகாவா மாகாணத்தில் நெடுஞ்சாலை விபத்தொன்றில் சிக்கி, வாகனத்திலிருந்து வெளியே இறங்கியிருந்தபோது மற்றொரு வாகனம் மோதியதில் தமது 56 ஆம் அகவையில் காலமானார். வொண்டர்ஸ்வானுடன் வெளிவந்த ஆட்டமொன்றுக்கு அவர் நினைவாகக் குன்பெய் எனப் பெயரிடப்பட்டது. 2003 இல் விளையாட்டு உருவாக்குநர்களின் வாழ்நாள் சாதனை விருது அவருக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.