குழந்தையின் கையில் தழும்பாகப் பதிந்த பெயர்

மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்கு முதலில் போடப்படும் ஊசிகளில் ஒன்று பிசிஜி. பலரின் கையில் உள்ள சிறு தழும்பு அது போட்டதுதான். அதன் நடு எழுத்தான 'சி', பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட்டைக் குறிக்கிறது.

1863இல் நீஸ் நகரில் பிறந்த கால்மெட், கடற்படை மருத்துவராகப் பணியைத் தொடங்கினார். 1891இல் சைகோனில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். பின்னர் பிரான்சின் லீல் நகரில், ஏழைத் தொழிலாளர் குடும்பங்களைக் காசநோய் அழிப்பதைக் கண்டார்.

1908இல் கால்நடை மருத்துவர் கமில் கெரினுடன் சேர்ந்து, மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை உருளைக்கிழங்கிலும் பித்தநீரிலும் வளர்த்தார். ஏறக்குறைய மூன்று வாரத்திற்கு ஒருமுறை புதிதாக மாற்றி வளர்த்தனர். போர்க்காலத்திலும் வேலை நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றிய பிறகு, கிருமி நோய் தரும் வலுவை இழந்தது.

1921இல் பாரிஸில், காசநோயால் தாயை இழந்த பச்சிளங்குழந்தைக்கு அது முதன்முதலாக வாய்வழி கொடுக்கப்பட்டது. குழந்தையை நோய் அண்டவில்லை.

1930இல் பேரிடி விழுந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் 72 பேர் இறந்தனர். பழி கால்மெட் மீது விழுந்தது. அந்நகர ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்ததே காரணம் என விசாரணையில் தெரிந்தது. 1933இல் கால்மெட் காலமானார்.

காசநோயால் வரும் மூளைக்காய்ச்சல் கைக்குழந்தைகளையே அதிகம் தாக்கும். அதிலிருந்து காக்கவே பிறந்ததும் பிசிஜி போடப்படுகிறது. அந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.