தொலைவில் நின்ற செடிக்குப் பெயர் வைத்தவர்

வெண்டி, பருத்தி, பூவரசு, செம்பரத்தை, துத்தி எல்லாம் ஒரே குடும்பம் என்று ஊரில் பாடசாலையில் படித்திருப்போம். நாம் இப்போது வாழும் குளிர் நாடுகளில், வீட்டு மதிலோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து பூக்கும் ஹொலிஹொக்கும் அந்தக் குடும்பந்தான். வட அமெரிக்காவில் அதற்குக் காட்டுச் சொந்தங்கள் உண்டு. அவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து, இலியாம்னா என்று பெயரிட்டவர் எட்வர்ட் லீ கிறீன்.

கிறீன் 1843 ஆகஸ்ட் 20 அன்று றோட் ஐலண்ட் மாநிலத்தின் ஹொப்கின்டனில் பிறந்தார். குடும்பம் மேற்கே இடம்பெயர்ந்து விஸ்கொன்சினில் குடியேறியது. சுவீடனிலிருந்து அங்கு வந்து குடியேறியிருந்த தூரே கும்லீன் என்ற இயற்கை ஆய்வாளர் அவருக்குச் செடிகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். உள்நாட்டுப் போரின்போது, 1862இல், கிறீன் வடபகுதிப் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். படை நடந்த வழியெல்லாம் செடிகளைப் பறித்து உலர்த்திச் சேர்த்தார்.

போருக்குப் பின் கொலராடோ சென்று எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருவானார். மேற்கு மலைகளில் நெடுந்தூரம் கால்நடையாகவே திரிந்து செடிகளைத் தேடினார். பின்னர் கலிபோர்னியாவின் பேர்க்லியில் பணியாற்றும்போது, 1885இல், கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். குருப்பணி கைவிட்டுப் போனது, செடிகள் கைகொடுத்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். 1895இல் வொஷிங்டனிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கும், 1904இல் ஸ்மித்சோனியனுக்கும் மாறினார்.

அந்தக் காலத்தில் அமெரிக்கச் செடிகளுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஹார்வர்டிலிருந்த ஏசா கிரேயின் கையில் இருந்தது. செடி வளரும் மண்ணைப் பார்க்காதவர் அதன் பெயரைத் தீர்மானிப்பதைக் கிறீன் ஏற்கவில்லை. டார்வினின் கொள்கையையும் அவர் ஏற்கவில்லை; இனங்கள் மாறாதவை என்றே நம்பினார். அதனால் சின்ன வேறுபாட்டைக் கண்டாலும் தனி இனம் என்று எழுதிவிடுவார். அவர் வைத்த பெயர்கள் 4,000க்கு மேல். அவற்றில் பலவற்றைப் பின்வந்தவர்கள் பழைய இனங்களோடு சேர்த்துவிட்டனர். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் சில இடங்களில் அவர் கண் பிழைக்கவில்லை. இலினோய் மாநிலத்தின் கன்ககீ ஆற்றில் லாங்கம் என்றொரு சிறு தீவு. அங்கே 1872இல் ஈ. ஜே. ஹில் என்ற போதகர் இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் உயரமான செடி ஒன்றைக் கண்டார். மேற்கு மலைகளில் வளரும் செடிதான் இங்கும் வந்து நிற்கிறது என்றே முதலில் கருதினர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். இலை மடல்களின் அகலம், புல்லிவட்டத்தின் அடியிலுள்ள சிறு செதில்கள், பூவின் மணம் என்று நுணுக்கமாகப் பார்த்தால்தான் இந்தச் சொந்தங்களைப் பிரித்தறிய முடியும். 1906இல் கிறீன் அதைத் தனி இனம் என்று அறிவித்தார். சொந்தங்களை விட்டு ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தனியே நின்ற அதற்கு அவர் வைத்த பெயர் ரெமோட்டா. லத்தீனில், தொலைவில் இருப்பது.

1915 நவம்பர் 10 அன்று வொஷிங்டனில் கிறீன் இறந்தார். அவர் சேர்த்த செடிகளும் நூல்களும் இன்று நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

1927இல் வேர்ஜீனியாவின் பீற்றர்ஸ் மலையில் இதே சாயலில் ஏறத்தாழ 50 செடிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இலை மடல்கள் ஒடுங்கியிருந்த அவை பின்னர் கோரேய் என்ற தனி இனமாயின. 1986இல் மிஞ்சியவை மூன்றே செடிகள். தனிப் பெயர் இருந்ததால்தான் அழியும் இனம் என்ற சட்டப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடைத்தது. கெட்டித் தோலுள்ள விதைகள் முளைக்கத் தீயின் சூடு வேண்டும் என்று கண்டு, அளவாகத் தீயிட்டு மீட்டனர். லாங்கம் தீவிலும் செடி காணாமற்போக, 2014இல் தன்னார்வலர்கள் புதர்களை வெட்டித் தீயிட்டனர். மண்ணுக்குள் காத்திருந்த விதைகள் முளைத்தன.

மேற்கு மலைச் செடியின் பெயரிலேயே விட்டிருந்தால், அந்தத் தீவுச் செடியை யாரும் தேடிப் போயிருக்கமாட்டார்கள். படிவங்களில் தமிழர் என்று ஒரு பெட்டி இல்லாமல், வேறொரு பெரிய பெயருக்குக் கீழே அடையாளமிட்டுவிட்டு வரும் நமக்கு இது விளங்காததல்ல.